யாரிடம் போவது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

ஆண்டு மலரில் எழுதத்தக்க பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிலவைப் பற்றிய கவிதைக்கும், வரதட்சணைக் கொடுமை பற்றிய சிறுகதைக்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அறிக்கைக்கும் இங்கே இடமுண்டு. ஓர் உயிரைக் காக்கக்கூடிய செய்திக்கும் நான்கு பக்கம் ஒதுக்கினால் மலர் வாடிவிடாது என்று நம்புகிறேன். விலங்கியல் வகுப்பிலே கோழிக் கருவை 24 மணி, 48 மணி, 72 மணி என்று நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். மனிதப் பெண்ணின் கரு என்று வந்தவுடன் புத்தகத்தை மூடிக்கொள்கிறோம். கோழிக்குக் கிடைத்த மரியாதைகூட நம் வீட்டுப் பெண்களுக்கு இல்லை.

கருக்கலைப்பு சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அதற்கு நடுவர்கள் ஏராளம். ஒரு பெண் தன் நிலைமையை எண்ணிப் பார்த்து, இக்கருவைத் தாங்க இயலாது என்று முடிவுக்கு வந்துவிட்டாள் என்று வையுங்கள். மறுநாள் காலையில் அவள் யாரிடம் போவாள்? அந்த ஒரு கேள்விதான் என்னுடையது. பட்டிமன்றத்தில் எந்த அணி வென்றாலும் அவள் எங்கேயாவது போகத்தான் போகிறாள்.

இந்த நாட்டில் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு என்பதையே பலர் அறியார். வெள்ளையர் காலத்து 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாக வைத்திருந்தது. பெண்கள் மறைவிடங்களில் மாண்டுபோவதைக் கண்டு, 1964ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1966ல் அறிக்கை தந்தது. 1971ல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021ல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு 1973ல் கிடைத்த உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே காலத்தில் நம் சட்டம் முன்னோக்கி நடந்திருக்கிறது. இதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் சட்டம் அரசிதழில் இருக்கிறது. பெண் அடுப்படியில் இருக்கிறாள்.

இடைவெளி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2018ல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வின்படி, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம். அவற்றுள் மருத்துவமனைகளில் நடந்தவை நூற்றுக்கு 22 மட்டுமே. நூற்றுக்கு 73 பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மீதி ஐந்து பங்குக்குள் என்னென்ன இருக்கும் என்பதை எங்கள் ஊர்ப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். எருக்கங்குச்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். அந்தக் குச்சி கருப்பையைக் கிழிக்கும். கிருமியை உள்ளே கொண்டு சேர்க்கும். சீழ் பிடித்து, ஜன்னி கண்டு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீட்டு வாசலில் பந்தல் போடுவார்கள். "வயிற்று வலி வந்து போய்விட்டாள்" என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். பப்பாளி, எள், வெல்லம், கருஞ்சீரகம் என்று நாள் கணக்கில் தின்று பார்ப்பவர்களுக்கு உடனடி ஆபத்து குறைவு. ஆனால் அந்த நாட்கள் திரும்ப வாரா. பொழுது போகப் போகக் கரு வளர்கிறது. எளிய சிகிச்சை கடிய சிகிச்சையாகிறது.

மாத்திரையே தீயது என்று நான் சொல்லவில்லை. அதன் வேலை நம் பாடத்திலேயே இருக்கிறது. கருவைக் காத்து நிற்கும் ஹார்மோன் புரோஜெஸ்டிரோன். மிஃபெப்ரிஸ்டோன் என்னும் முதல் மாத்திரை அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்து எடுக்கும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. உரிய நாளுக்குள், உரிய அளவில், தக்க அறிவுரையோடு எடுத்தால் இது நல்ல மருத்துவம். நம் விதிகள் 9 வாரம் வரை இதற்கு இடம் தருகின்றன. சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. சீட்டு என்பது வெறும் காகிதமன்று. அதை எழுதுவதற்கு முன் மருத்துவர் கேட்கும் நான்கு கேள்விகள்தாம் உண்மையான பாதுகாப்பு.

அந்தக் கேள்விகளின் மதிப்பை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் தெருவுக்கே நான்தான் மனு எழுதுபவள், வங்கிக் கடிதம் படிப்பவள், மருந்துச் சீட்டுக்கு உரை சொல்பவள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மாலை, உறவுமுறையில் எனக்கு அக்காவாகும் ஒருவர் முந்தானையில் முடிந்து ஓர் அட்டை மாத்திரையைக் கொண்டுவந்தார். (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) "பாப்பா, நீ படிச்ச புள்ள. இதுல எதை முதல்ல போடணும்னு பார்த்துச் சொல்லு" என்றார். மருந்துக்கடையில் "எத்தனை நாள் தள்ளியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பது நாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஆறு வாரந்தானே என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வேறுவிதமாகக் கேட்டேன்: "அக்கா, கடைசியா எப்ப குளிச்சீங்க?" ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் என்றார். மருத்துவர்கள் கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். தள்ளிப்போன நாளிலிருந்து அன்று. நாள் தள்ளிப்போன அன்றைக்கே கணக்கில் நான்கு வாரம் ஏறியிருக்கும். நாற்பது நாள் தள்ளியிருந்தால் ஏறத்தாழ பத்து வாரம். அந்த மாத்திரைக்குரிய 9 வார எல்லையை அக்கா கடந்துவிட்டிருந்தார். கடைக்காரருக்கும் அக்காவுக்கும் இடையே ஒரு மாதமே காணாமற் போயிருந்தது! அட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி, திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்கு இருவரும் போனோம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. வீட்டில் மாத்திரை போட்டு உதிரம் மிகுதியாகப் போயிருந்தால், எங்கள் ஊரிலிருந்து இரவில் என்ன வண்டி கிடைத்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

கர்ப்பம் சில சமயம் கருப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். பெண் சிறிது நேரத்தில் சாய்ந்துவிடுவாள். வெளியே பார்த்தால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் தோன்றும். எனவே நாளைக் கேட்காமல், வயிற்றைப் பாராமல், ஒரு பக்க வலி உண்டா என்று விசாரிக்காமல் மாத்திரையை நீட்டுபவர் யாராயினும், அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பே தொங்கினாலும், அவரிடம் போகவேண்டாம்.

நம்பத்தக்க இடம் எது என்பதைச் சட்டமே ஓரளவு சொல்லிவிடுகிறது. அரசு நடத்தும் மருத்துவமனை ஒன்று. தனியார் இடமென்றால், இந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றதாக இருக்கவேண்டும். அந்த அனுமதிச் சான்றிதழை வருவோர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்கும் மருந்துக் கம்பெனி நாட்காட்டிக்கும் நடுவே அதைத் தேடிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: "கருவின் பாலினம் இங்கு தெரிவிக்கப்படமாட்டாது" என்ற பலகை வேறு, அது 1994ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்துக்காக வைப்பது. அதைப் பார்த்துவிட்டுக் கருக்கலைப்புக்கும் அனுமதி உண்டென்று எண்ணிவிடக்கூடாது. பாலினத்தையே இரகசியமாகச் சொல்கிறேன் என்று எவரேனும் விலை பேசினால், அங்கிருந்து அப்படியே எழுந்து வந்துவிட வேண்டியதுதான். ஒரு சட்டத்தை மேசைமேல் வைத்து மீறுபவர் இன்னொன்றை மதிப்பார் என்பது என்ன நிச்சயம்?

ஒன்பது வாரத்துக்குட்பட்ட மாத்திரைச் சிகிச்சையை மருத்துவர் தம் சொந்தக் கிளினிக்கிலேயே எழுதித்தரலாம். ஆனால் சிக்கல் ஏற்பட்டால் அனுப்புவதற்கு அனுமதி பெற்ற ஓரிடத்தோடு அவருக்குத் தொடர்பு இருக்கவேண்டும். "இரவு பன்னிரண்டு மணிக்கு இரத்தம் நிற்கவில்லை என்றால் நான் எங்கே போவது, டாக்டர்?" இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். நல்ல மருத்துவர் ஓர் இடத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் எழுதிக் கொடுப்பார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா" என்று கையசைப்பவரை நான் நம்பமாட்டேன்.

அடுத்து, செய்பவர் யார்? மகப்பேறு மருத்துவம் படித்தவராகவோ, இதற்கெனப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவராகவோ இருக்கவேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவரெல்லாம் செய்துவிட முடியாது. பன்னிரண்டு வாரத்துக்குட்பட்ட கருவைக் கலைக்கவே, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 சிகிச்சைகளில் உதவியிருக்க வேண்டும். அவற்றில் ஐந்தையேனும் தாமே செய்திருக்க வேண்டும் என்கிறது விதி. அப்படியிருக்க, பழைய நர்சம்மாவும், கம்பவுண்டர் அண்ணனும், "கைராசிக்காரர்" என்று பெயரெடுத்த ஆயாவும் எந்தக் கணக்கில் சேர்வார்கள்? தகுதியில்லாதவர் செய்தால் இரண்டாண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல். கைராசி என்பது பிழைத்தவர்கள் சொன்ன கதை. போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

முறையையும் கேட்கலாம். படிக்காத பெண்கள் கேட்கத் தயங்குவது இயல்பு, நாமாவது கேட்கவேண்டாமா? கூர்மையான கருவியால் சுரண்டி எடுக்கும் பழைய முறையை, டி அண்ட் சி என்று ஊரெல்லாம் சொல்வதை, உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்கிறது. அதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு. அது சில நிமிட வேலை, காயமும் குறைவு. அக்காவுக்கு அம்முறையில்தான் செய்தார்கள். சிலமணி நேரம் படுக்க வைத்துவிட்டு அன்று மாலையே அனுப்பினார்கள். இன்றும் சுரண்டுவதையே வழக்கமாக வைத்திருக்கும் இடமென்றால், வேறிடம் விசாரிப்பதில் தவறில்லை.

இப்போது கையொப்பத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதையும் சட்டம் கேட்கவில்லை. பதினெட்டுக்குக் கீழ் என்றாலோ, மனநோயாளி என்றாலோதான் காப்பாளர் சம்மதம் வேண்டும். ஆனாலும் கணவன் வரட்டும் என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. திருமணமானவளா என்ற கேள்வியும் அப்படியே. கருத்தடைச் சாதனம் தவறியதால் உண்டான கர்ப்பத்தைக் குறிக்கும் இடத்தில் பழைய சட்டம் "மணமான பெண், அவள் கணவர்" என்று எழுதியிருந்தது. 2021ல் அது "பெண், அவள் துணைவர்" என்று மாறிவிட்டது.

மறு ஆண்டே இது உச்ச நீதிமன்றத்தில் உரைத்துப் பார்க்கப்பட்டது. இருபத்தைந்து வயது, மணமாகாதவர், வேளாண் குடும்பத்தின் மூத்த மகள், பட்டதாரி, வேலையில்லை. உடனிருந்தவர் கடைசி நேரத்தில் கைவிட்டார். நம் வகுப்பில் பாதிப்பேரின் குடும்ப விவரம்போல் இருக்கிறதல்லவா? இருபது வாரம் கடந்துவிட்டிருந்தது. மணமாகாதவருக்கு விதியில் இடமில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் கைவிரித்தது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2022 ஜூலையில் இடைக்கால அனுமதி தந்தது. செப்டம்பர் 29ஆம் நாள், மணமானவர் மணமாகாதவர் என்று பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுமி வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். ஆயினும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

வார எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை, வன்முறைக்கு ஆளானவர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர் அல்லது பிரிந்தவர், உடல் ஊனமுற்றோர் போன்றவர்களுக்கு இரண்டு மருத்துவர்கள் கூடி முடிவு செய்யலாம். அதற்கும் மேல் கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவக் குழு. தாயின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கு குறுக்கே நிற்காது. நம் சட்டத்தில் இறுதிச் சொல் பெண்ணுடையதன்று, மருத்துவருடையது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. நல்ல மருத்துவரைத் தேர்வது அதனாலேயே இன்னும் முக்கியமாகிறது.

என் கருத்தில், எளிய குடும்பத்துப் பெண் முதலில் போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனையே. அங்கே கட்டணம் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் உண்டு. இரத்தம் வேண்டுமென்றால் இரத்த வங்கி உண்டு. பிறகேன் பெண்கள் கம்மலை அடகு வைத்துத் தனியாரைத் தேடுகிறார்கள்? அக்காவோடு வரிசையில் நின்றபோது எனக்கு விடை கிடைத்தது. சீட்டுப் போடும் இடத்தில், முப்பது பேர் நடுவே, "எத்தனையாவது? ஏன் ஆபரேஷன் பண்ணிக்கல? வூட்டுக்காரர் எங்கே?" என்று உரத்த குரலில் கேட்டார்கள். பின்னால் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்த மருத்துவர் அம்மையார் அத்தனை அன்பாகப் பேசினார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். ஒரே கட்டிடத்தில் வாசலுக்கும் உள்ளறைக்கும் இவ்வளவு தூரம்!

சட்டமோ இரகசியத்தைக் கட்டளையாகவே வைத்திருக்கிறது. பெயரையும் விவரத்தையும் வெளியிடுபவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. நோயாளியின் பெயர் தனிப் பதிவேட்டில் மட்டும் இருக்க, மற்ற இடங்களில் எண்தான் குறிக்கப்பட வேண்டும். கருத்தடை அறுவை செய்துகொண்டால்தான் கருவைக் கலைப்போம் என்று நிபந்தனை போடுவதற்கும் சட்டத்தில் ஆதாரம் இல்லை. அறிவுரை சொல்லலாம்; பேரம் பேசக்கூடாது. இவற்றைத் திருத்த கோடிகள் வேண்டாம். ஒரு தனி மேசையும், தாழ்ந்த குரலும் போதும்.

சிகிச்சைக்குப் பின் என்ன என்பதையும் சொல்லி அனுப்பும் இடமே நல்ல இடம். மணிக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே மருத்துவமனை. காய்ச்சல் இறங்காவிட்டாலும், துர்நாற்றத்தோடு வெளியேற்றம் இருந்தாலும், தாங்க முடியாத வயிற்று வலி அல்லது மயக்கம் வந்தாலும் அப்படியே. வேறெங்கோ, யாரிடமோ தவறாகச் செய்துகொண்டு வந்த பெண்ணாயினும் அவளுக்குச் சிகிச்சை தருவது மருத்துவமனையின் கடமை. பயந்துகொண்டு வீட்டில் படுத்திருப்பதுதான் உயிரை வாங்குகிறது. நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் அவர் வேலை எளிதாகும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடத்துகிறோம். அதற்கு வரும் அரசு மகப்பேறு மருத்துவரையே ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லி, மாணவிகளிடம் இதைப் பற்றிப் பேசவைக்கலாம். மாணவர்களையும் வெளியே அனுப்ப வேண்டாம். கருவுக்குத் தந்தையும் உண்டு. மாணவியர் ஓய்வறைக் கதவின் உட்புறம் இப்போது ஓர் அழகு நிலைய விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் அரை முழம் இடம் காலியாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மகப்பேறுப் புறநோயாளிப் பிரிவு இயங்கும் நாட்களையும், 104 என்ற சுகாதார உதவி எண்ணையும், "கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுக" என்ற ஒரு வரியையும் எழுதி ஒட்ட அந்த இடம் போதும். அனுமதி கிடைத்தால் எழுதித்தர நான் ஆயத்தம். என் கையெழுத்து ஓரளவு நன்றாகவே இருக்கும்.